மழை வரும்வரை தெரியாத குறுக்கீடு: செயற்கைக்கோள் அலைவரம்புகளைத் தீர்மானிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் நான்காம் ஆய்வுக் குழுவினருக்கும், 2027 உலக வானொலித் தொடர்பு மாநாட்டுக்குத் தயாராகிவரும் அரசுப் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக டிஷ் ஆன்டெனாவோடு வாழ்பவன் நான். முதலில் வீட்டுக் கூரைகளில் ஏறி டிஷ் பொருத்தினேன். பிறகு ஒளிபரப்பை மேலே அனுப்பும் தரைநிலையம் ஒன்றில் சிக்னலைக் கண்காணிக்கும் வேலைக்கு வந்தேன். உங்கள் கூட்டங்களில் உட்கார எனக்கு இடமில்லை. ஆனால் நீங்கள் அங்கே மாற்றும் ஒவ்வொரு டெசிபலும் (சிக்னலின் பலத்தை ஒப்பிடும் அளவு அது) கடைசியில் என் கையிலிருக்கும் மீட்டரில்தான் வந்து நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வானொலி விதிமுறைகளின் 22ஆம் பிரிவில், புவிநிலைச் செயற்கைக்கோள்களை, அதாவது வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிபவற்றைக் காக்கும் வரம்புகள் இருக்கின்றன. இ.பி.எஃப்.டி. வரம்புகள் என்று நீங்கள் சொல்பவை. நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு செயற்கைக்கோள் கூட்டத்திலிருந்து ஒரு டிஷ்ஷின் மேல் ஒரே நேரத்தில் விழும் சக்தியையெல்லாம், அந்த டிஷ் எந்தத் திசையில் எவ்வளவு வாங்கும் என்பதையும் கணக்கில் வைத்துக் கூட்டினால் வரும் எண் அது. அந்த எண் இவ்வளவைத் தாண்டக் கூடாது என்பது விதி. 1997இல் தற்காலிகமாக வந்து, 2000இல் இஸ்தான்புல் மாநாட்டில் உறுதியானது. இப்போது இது பழையதாகிவிட்டது, தேவைக்கு மேல் இறுக்கமாக இருக்கிறது, தளர்த்த வேண்டும் என்று பூமிக்குக் கிட்டே தாழ்வட்டப் பாதையில் செயற்கைக்கோள்களை ஓட்டி இணையம் தரும் நிறுவனங்கள் கேட்கின்றன. 2023 துபாய் மாநாட்டில் ஆய்வு செய்யலாம், ஆனால் 2027இல் விதியைத் தொடக் கூடாது என்ற அளவில் முடிவானது. 2025இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் தன் எல்லைக்குள் இந்த வரம்புகளை மறுபரிசீலனை செய்யத் தொடங்கியும்விட்டது. கதவு திறந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மறுபரிசீலனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கம்பி போகாத இடங்களுக்கு அந்த இணையம் போகிறது. அதன் அருமை எனக்குத் தெரியும். வரம்புகள் வகுத்த காலத்தில் நினைத்துப் பார்த்த செயற்கைக்கோள் கூட்டங்கள் வேறு, இன்று பறப்பவை வேறு என்பதும் உண்மை. என் கவலை எந்த அளவுகோலை வைத்து அளக்கப் போகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

டிஷ் திருப்பும்போது கையில் இருக்கும் மீட்டரில் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று ஸ்ட்ரெங்த், மற்றது குவாலிட்டி. வேலைக்குப் புதிதாக வரும் பையன் ஸ்ட்ரெங்த் கோடு மேலே ஏறியதும் நட்டை இறுக்கப் போவான். கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். ஸ்ட்ரெங்த் என்பது, டிஷ்ஷின் முன்னே நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி. என்ற சின்னப் பெட்டி வழியாக வரும் மொத்தச் சக்தி. நமக்கு வேண்டிய சிக்னல், இரைச்சல், பக்கத்துச் செயற்கைக்கோளிலிருந்து ஒழுகுவது, எல்லாமே அதில் சேர்த்தி. குவாலிட்டிதான் நிஜம். எல்.என்.பி.யைப் பிடிப்புக்குள் நாலைந்து டிகிரி திருகுங்கள்: ஸ்ட்ரெங்த் அப்படியே நிற்கும், குவாலிட்டி மட்டும் மெல்ல ஏறும். குறுக்குத் துருவமுனைப்பில், அதாவது நமக்கு வேண்டிய அலைக்குக் குறுக்காக அதிரும் அலையில், வந்துகொண்டிருந்த வேண்டாத சிக்னல் விலகியிருக்கும். குறுக்கீடு என்ற சொல்லை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இப்படி எல்.என்.பி.யைத் திருகித்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம், டிஷ்ஷின் அளவு. 12 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.5 செ.மீ. அந்த அலைக்கு 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை ஏறக்குறைய 3 டிகிரி அகலம். 90 செ.மீ. என்றால் 2 டிகிரி. 45 செ.மீ. என்றால் 4 டிகிரியைத் தொடும். சின்ன டிஷ் அகலமாகப் பார்க்கும், அதனால் வேண்டாததையும் அதிகமாக வாங்கும். தரைநிலையத்தில் நாங்கள் வைத்திருக்கும் பெரிய டிஷ்ஷுக்குத் தெரியாத குறுக்கீடு, வீட்டுச் சுவரிலிருக்கும் 45 செ.மீ. டிஷ்ஷுக்குத் தெரியும். நேரடி ஒளிபரப்புக்கான உங்கள் அட்டவணையில் 30 செ.மீ.யிலிருந்து 300 செ.மீ. வரை தனித்தனி வரம்பு வைத்திருப்பதன் காரணம் இதுதான். யாரோ ஒருவர் வீட்டுக்காரரை நினைத்துப் பார்த்து எழுதிய அட்டவணை அது. அதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

சரி, ஆபத்து எங்கே என்று சொல்கிறேன்.

பழைய அனலாக் ஒளிபரப்பில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். வீட்டுக்காரருக்கு அதுவே எச்சரிக்கை. இன்றைய டிஜிட்டலில் அந்தப் படிப்படியான சரிவு கிடையாது. செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கு 2005இல் தரமாக வந்த டி.வி.பி.-எஸ்2 முறையில், ஒளிபரப்பில் புழங்கும் 8பி.எஸ்.கே. 3/4 என்ற அமைப்புக்குச் சிக்னல், இரைச்சலைவிட ஏறக்குறைய 7.9 டெசிபல் மேலே இருக்க வேண்டும். 12 டெசிபல் இருந்தாலும் படம் பளிச்சென்று இருக்கும், 8.2 இருந்தாலும் அதே பளிச்தான். 7.9க்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடையும், ஒலி விக்கும், அடுத்த நொடி திரை கறுப்பாகிவிடும்.

தெளிந்த வானத்தில் ஒரு வீட்டுக்கு 12 டெசிபல் வருகிறது என்று வையுங்கள். 7.9 என்ற அந்த வாசலுக்கு மேலே 4.1 டெசிபல் மிச்சம். அந்த மிச்சத்தை நாங்கள் சும்மா வைத்திருக்கவில்லை. மழைக்காகச் சேர்த்து வைத்திருக்கிறோம். இப்போது நகரும் செயற்கைக்கோள்களிலிருந்து, இரைச்சலில் நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறுக்கீடு வந்து சேர்கிறது. இரைச்சல் ஏறக்குறைய 1 டெசிபல் உயரும். 12 என்பது 11 ஆகும். படத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. வீட்டுக்காரருக்கும் தெரியாது, அவர் கூப்பிடும் மெக்கானிக்குக்கும் தெரியாது. ஆனால் மழைக்காக வைத்த சேமிப்பில் நாலில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். மழை வரும் அன்று, முன்பு தாங்கிய அதே மழையில் படம் போகும்.

மழை குறுக்கீட்டையும் சேர்த்துத்தானே குறைக்கும் என்று உங்களில் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. டிஷ் பார்க்கும் அதே திசையிலிருந்து வந்தால் குறைக்கும். ஆனால் மழைமேகம் செயற்கைக்கோளின் திசையில் கவிந்திருக்க, குறுக்கீடு தெளிவான இன்னொரு பக்கத்திலிருந்து டிஷ்ஷின் ஓரப்பார்வை வழியாக நுழைந்தால், அதை மழை தடுக்காது. அப்போது வேண்டியது குறையும், வேண்டாதது அப்படியே இருக்கும்.

இந்த இடத்தில் தூரத்தையும் நினைத்துப் பாருங்கள். நம் ஒளிபரப்பு 35,786 கி.மீ. உயரத்திலிருந்து வருகிறது. ஒரு தாழ்வட்டக் கோள் 550 கி.மீ.யில் பறக்கிறது என்று வையுங்கள். 65 மடங்கு கிட்டே. இரண்டும் ஒரே சக்தியில் ஒரே திசையில் ஒலித்தால், கிட்டே இருப்பது 4,200 மடங்கு பலமாகக் கேட்கும். டெசிபலில் சொன்னால் 36. அதனால்தான் டிஷ், நகரும் கோள், புவிநிலைக் கோள் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது, நகரும் கோள் அந்தப் பக்கம் தன் அலையை அனுப்பாமல் விலக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நிறுவனங்கள் அப்படி விலகத்தான் செய்கின்றன. அதை மறைக்க மாட்டேன். நேர்க்கோட்டுக்கு எத்தனை டிகிரி தள்ளி நின்றால் போதும் என்பதில்தான் இப்போது பேரம் நடக்கிறது. வரம்பு தளர்ந்தால் அந்த விலக்குக் கோணம் சுருங்கும்.

சுருங்கினால் என்ன ஆகும்? 550 கி.மீ.யில் பறக்கும் கோள் உச்சிவானத்தில் நொடிக்கு 0.8 டிகிரி வேகத்தில் நகரும். 60 செ.மீ. டிஷ்ஷின் 3 டிகிரிப் பார்வையை நாலே நொடியில் கடந்துவிடும். நாலு நொடிதானே என்று உங்கள் தாளில் தோன்றும். ஒரு டிஜிட்டல் பெட்டி சிக்னலை இழந்தால் மறுபடி பூட்டிப் பிடித்து, சேனலின் பூட்டைத் திறக்கும் சாவிக்குறிகளைப் படித்து, படத்தைக் கொண்டுவர இன்னும் சில நொடிகள் ஆகும். செட்டாப் பாக்ஸின் குவாலிட்டிக் கோடு சராசரி போட்டுக் காட்டுவது. அதில் இந்த நாலு நொடி தடம் விடாமல் கரைந்துவிடும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். கேபிளை மாற்றுவார், எல்.என்.பி.யை மாற்றுவார். அடுத்த வாரம் மறுபடி போன் வரும்.

தரைநிலையத்தில் ஒரு ராத்திரி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் திரையில் எங்கள் கேரியர், அதாவது ஒளிபரப்பைச் சுமக்கும் அலை, நெற்றிபோல் தட்டையாக நிற்கும். அன்றைக்கு அதன் வலது தோளில் சின்ன மேடு ஒன்று எழுந்து, சில நொடி நின்று, அடங்கியது. நாற்பது நிமிடம் கழித்து மறுபடி. காலைவரை கண்ணை எடுக்காமல் பார்த்திருந்து, நேரத்தைக் குறித்து வைத்தோம். அது பக்கத்து நெட்வொர்க் ஒன்றின் அனுப்புமுனை, துருவமுனைப்பு சரியில்லாமல் விட்டுவிட்டு அனுப்பியதால் வந்தது. தாழ்வட்டக் கோளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்களிடம் அனலைசர் இருந்தது, இரவுப் பணியில் ஆள் இருந்தார்கள், செயற்கைக்கோள் நிறுவனத்தின் எண் இருந்தது. அப்படியும் ஆளைக் கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆனது. இதில் எதுவுமே இல்லாத வீட்டுக்காரர் எங்கே போவார்?

"வரம்பு நடைமுறையில் போதுமானது, புகார் எதுவும் வரவில்லையே" என்ற வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வாங்க மட்டுமே தெரிந்த டிஷ்ஷுக்கு வாய் கிடையாது. அது எங்கும் பதிவாகியிருக்கவில்லை. செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் இன்னொரு அலைவரம்பான சி பேண்டில் இதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே எல்.என்.பி. 3.4 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை மொத்தத்தையும் திறந்த வாயோடு வாங்கும். பக்கத்து அலைவரிசையில் தரைவழி மொபைல் சிக்னல் வந்தபோது, தன் சேனலில் குறுக்கீடே இல்லாமலும் எல்.என்.பி. திணறிப்போனது. 2020இல் அமெரிக்கா 3.7 முதல் 3.98 வரை காலி செய்ய உத்தரவிட்டபோது, பதிவு செய்திருந்த தரைநிலையங்களுக்கு மாற்றுச் செலவு கிடைத்தது. பதிவு இருந்ததால் கிடைத்தது. வீட்டு டிஷ்ஷுக்கு எங்கே பதிவு?

இனி அளவுகோலுக்கு வருகிறேன். இந்த மடல் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

"நவீன இணைப்புகள் தகவமைத்துக்கொள்கின்றன; எனவே சிக்னல் முற்றாக அறுந்த நேரத்தைக் கணக்கிடாமல், குறைந்துபோன தரவுவேகத்தைக் கணக்கிடுவோம்" என்ற யோசனை உங்கள் மேசையில் இருக்கிறது. இருவழி இணையத்துக்கு அது முழுக்கச் சரி. அங்கே மோடம் மேலே பேசும்: எனக்குச் சிக்னல் குறைகிறது, மெதுவாக அனுப்பு என்று சொல்லும். மேலிருந்து பலமான குறியீட்டுக்கு மாற்றி அனுப்புவார்கள். வேகம் கொஞ்சம் குறையும், இணைப்பு அறாது. ஒரு டெசிபல் குறுக்கீடு அங்கே சில சதவீத வேகக் குறைவோடு முடிந்துவிடும்.

தொலைக்காட்சியில் அது நடக்காது. ஒரே கேரியர், லட்சக்கணக்கான டிஷ்கள், எல்லோருக்கும் ஒரே குறியீடு. ஒரு தெருவில் மட்டும் மழை பெய்கிறது என்று அந்தத் தெருவுக்கு மட்டும் மெதுவாக அனுப்ப வழியில்லை. டிஷ் மேலே பேசாது. அதற்குத் "குறைந்துபோன வேகம்" என்று ஒன்று கிடையவே கிடையாது. படம் இருக்கும், அல்லது இருக்காது. இருவழி இணைப்புக்காக வார்த்த அளவுகோலைக் கொண்டுவந்து ஒருவழி ஒளிபரப்பை அளந்தால், தாளில் நட்டமே இல்லை என்று வரும். வீட்டில் திரை கறுத்திருக்கும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: நேரடி ஒளிபரப்புக்கான அட்டவணையை மற்ற அட்டவணைகளோடு சேர்த்து ஒரே மூச்சில் தளர்த்தாதீர்கள். அதைத் தனியாக எடுத்து, மாறாக் குறியீட்டில் ஓடும் கேரியருக்குப் படம் அறுந்த நேரம் எவ்வளவு கூடும் என்ற ஒரே கேள்வியை வைத்துப் பாருங்கள். 0.01 சதவீதம் என்று எழுதும்போது சின்ன எண்ணாகத் தெரியும். வருடத்துக்கு அது 53 நிமிடம். 0.1 சதவீதம் என்றால் எட்டே முக்கால் மணி நேரம். அதுவும் தூங்கும் நேரத்தில் மட்டும் வந்து போகாது. பெருமழை நாளில், புயல் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போது மொத்தமாக வரும்.

இரண்டாவது, கூட்டல் கணக்கு. 22ஆம் பிரிவின் வரம்புகள் ஒரு செயற்கைக்கோள் கூட்டத்துக்கு இவ்வளவு என்று எழுதப்பட்டவை. எல்லாக் கூட்டங்களும் சேர்ந்து எவ்வளவு என்பது 76ஆம் தீர்மானத்தில் இருக்கிறது. அந்தத் தனிக் கூட்ட வரம்பை வகுத்தபோது, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 3.5 கூட்டங்கள் இயங்கும் என்று எடுத்துக்கொண்டீர்கள். முழு எண்கூட இல்லை, மூன்றரை. 2000இல் அது தாராளமான கணக்கு. அன்று அறிவித்த கூட்டங்களில் பெரும்பாலானவை மேலே போகவே இல்லை. இன்று விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கின்றன. தனிக் கூட்டத்தின் வரம்பைத் தளர்த்தி, கூட்டங்களின் எண்ணிக்கையையும் மூன்றரையிலேயே விட்டுவைத்தால், மொத்தம் எங்கே போய் நிற்கும்? ஒரே நிறுவனம் தன் கோள்களைப் பல விண்ணப்பங்களாகப் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் முழு வரம்பையும் கேட்டால் என்ன செய்வீர்கள் என்பதற்கும் விதியிலேயே தெளிவான பதில் வேண்டும். ஒரு கூட்டம் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க உங்கள் ஒன்றியத்தின் எஸ்.1503 பரிந்துரைப்படி நடக்கும் சோதனை ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனியாகத்தான் பார்க்கிறது. தளர்த்துவதைப் பற்றிப் பேசும் முன் மொத்தத்தை யார், எப்படி, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூட்டிப் பார்ப்பார்கள் என்பதை முடிவு செய்யுங்கள். வரிசை மாறினால் பிறகு திரும்பி வர முடியாது. மேலே போன கோளை யாரும் கீழே இறக்கப் போவதில்லை.

பழைய விதி கெட்டியாகவே இருக்கட்டும் என்று சொல்பவனும் அல்ல நான். 1977இல் ஜெனீவாவில் முதல் ஒளிபரப்புத் திட்டம் போட்டபோது, அனலாக் படத்துக்காக ஒரே அலைவரிசைக் குறுக்கீட்டுக்கு 31 டெசிபல் பாதுகாப்பு வைத்தார்கள். வீட்டு டிஷ் 90 செ.மீ. என்று எடுத்துக்கொண்டார்கள். டிஜிட்டல் வந்தபின் அவ்வளவு தேவைப்படவில்லை. 2000இல் திட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். டிஷ் 60 செ.மீ. ஆனது, நாடுகளுக்கு அதிகச் சேனல் கிடைத்தது. அந்தத் தளர்வு நல்ல தளர்வு. ஏனென்றால் வாங்கும் பெட்டி உண்மையிலேயே மாறியிருந்தது. குறைந்த சிக்னலில் படம் காட்டும் திறமை அதற்கு வந்திருந்தது. இப்போது கேட்கும் தளர்வில் வீட்டுப் பெட்டியில் என்ன மாறியிருக்கிறது? ஒன்றும் இல்லை. அனுப்புபவரின் தேவைதான் மாறியிருக்கிறது.

மூன்றாவது, நிஜ டிஷ்ஷில் அளந்து பாருங்கள். உங்கள் கணக்கில் வரும் டிஷ், பி.ஓ.1443 பரிந்துரையில் வரைந்த வழவழப்பான வளைவு. நான் பார்க்கும் டிஷ்ஷில் ஏணி இடித்த பள்ளம் இருக்கும், காற்றில் அசைந்து அரை டிகிரி தளர்ந்த தண்டு இருக்கும், வெயிலில் வெடித்த எல்.என்.பி. மூடி இருக்கும். 60 செ.மீ. டிஷ் ஒரு டிகிரி பிசகினால் ஏறக்குறைய ஒன்றரை டெசிபல் போய்விடும். அந்தக் குறை வீட்டுக்காரரின் பொறுப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் ஏற்கெனவே தேய்ந்திருக்கும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் நீங்கள் இன்னும் ஒரு டெசிபல் எடுக்கப் போகிறீர்கள்.

இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். 45, 60, 90 செ.மீ. டிஷ்களை, சில ஆண்டுகள் வெயிலில் நின்ற பழைய டிஷ்களையும் சேர்த்து, மழை அதிகமான நிலப்பகுதிகளிலும் குறைவான இடங்களிலும் நிறுத்துங்கள். பக்கத்திலேயே ஒரு மழைமானி வையுங்கள். நொடிக்கு ஒருமுறை சிக்னல்-இரைச்சல் விகிதத்தைப் பதிவு செய்யுங்கள், சராசரி போடாதீர்கள். நாலு நொடிச் சம்பவம் அகப்பட வேண்டுமானால் நொடிக்கணக்கில்தான் எழுத வேண்டும். கோள்களின் பாதைக் குறிப்புகள் பொதுவிலேயே கிடைக்கின்றன; எந்தச் சரிவு எந்தக் கடப்போடு சேர்கிறது என்று ஒப்பிட்டுவிடலாம். ஒரு முழு வருடம், மழைக்காலம் உட்பட. வரும் தரவை நிறுவனங்களிடம் மட்டும் கொடுக்காமல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். தளர்த்தினாலும் படம் போகவில்லை என்று அந்தத் தரவு காட்டினால், நானே என் வாதத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வேன். மனதாரச் சொல்கிறேன்.

எங்கள் தரைநிலையக் கூரையில் ஒரு 60 செ.மீ. டிஷ்ஷை என் சொந்தப் பொறுப்பில் ஏற்கெனவே நிறுத்தி, மழைமானியும் வைத்துவிட்டேன். நொடிக் கணக்கிலான பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த நாட்டுப் பிரதிநிதி கேட்டாலும், எந்த நிறுவனம் கேட்டாலும், ஆய்வுக் குழு கேட்டாலும் அந்தக் கோப்பை அப்படியே, ஒரு வரியும் வெட்டாமல் தருவேன்.

இப்படிக்கு,
ஒரு தரைநிலையத் தொழில்நுட்பர்